ஆடு தின்னும் இலை, ஆடு தின்னா இலை

தமிழில் சில செடிகளுக்கு ஆட்டைக் கேட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடாதோடை என்றால் ஆடு தொடாதது என்று ஊர்ப்பக்கம் விளக்கம் சொல்வார்கள். (மொழியறிஞர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.) ஆடுதின்னாப்பாளைக்கு விளக்கமே தேவையில்லை. முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து இலை பறிக்கிற, சுவரொட்டியைக்கூடப் பசையோடு மெல்லுகிற ஒரு பிராணி, ஒரு செடியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நம் முன்னோர் குறித்து வைத்துக்கொண்டார்கள். அந்த 'ஏதோ' எதற்குப் பயன்படும் என்பதையும் கண்டுபிடித்தார்கள். ஆடுதின்னாப்பாளைக்கு வடமொழியில் கீடமாரி என்று பெயர்; புழுவைக் கொல்வது என்று பொருள். ஆங்கிலத்திலும் புழுக்கொல்லி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு.

ஆக, ஆடு தின்ன மறுக்கும் செடியில்தான் புழுவுக்கு மருந்து இருக்கிறது. இன்று ஆட்டுத் தீவனத்தில் கலக்கும் மூலிகைப் பொடிகளைப் பற்றி நடக்கும் பெரும்பாலான வாதங்கள் இந்த முரணில்தான் போய் முட்டுகின்றன. புழுவுக்கு ஆகாதது ஆட்டுக்கு ஆகுமா? எவ்வளவு கொடுத்தால்? எத்தனை நாள்? வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைசிக் கேள்விதான் மிகவும் கடினமானது. அதை யாரும் அதிகம் கேட்பதுமில்லை.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பவனுக்கு ஆட்டு வயிற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில், அதுவும் ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்கு ஆட்டுப் பண்ணைகளோடு ஓர் உறவு உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளாட்டுக் கறி எளிதில் கிடைக்காது. தீபாவளிக்கு நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பண்ணைக்குப் போய், கிடா ஒன்றைப் பார்த்து விலை பேசி வருவது வழக்கம். நாங்கள் போகிற பண்ணை, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. நாற்பது, ஐம்பது ஆடுகள் வைத்திருக்கிறார். ஒரு கோடையில் அவருடைய குட்டிகளில் பாதிக்கு மேல் செத்துப் போயின. மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோதே செத்தன. அதன் பிறகு கடையிலிருந்து ஒரு 'முழுக்க முழுக்க இயற்கையான' மூலிகைப் பொடி வாங்கிக் கலந்தார். மேலும் நான்கு செத்தன. "இந்தப் பொட்டலத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா, நீதான் படித்தவனாயிற்றே, பார்த்துச் சொல்" என்று என்னிடம் கொடுத்தார். பொறியியல் முதுகலைப் பட்டத்துக்கு அமெரிக்க நாட்டுப்புறத்தில் இருக்கும் மரியாதை அப்படி. அன்று படிக்கத் தொடங்கியதுதான்.

முதலில் புழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்பது அதன் பெயர். ஆட்டின் நான்காவது இரைப்பையில் குடியிருந்து இரத்தம் குடிப்பது. பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளை நிறச் சூலகம் முறுக்கிக்கொண்டிருப்பதால், மேல்நாட்டு முடிதிருத்தும் கடைகளின் வாசலில் சுழலும் சிவப்பு வெள்ளைக் கம்பம் போலத் தெரியும். அதனால் அந்தக் கம்பத்தின் பெயரையே புழுவுக்கும் வைத்துவிட்டார்கள். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தம். ஒரு பொட்டுதானே என்று தோன்றும். ஓர் ஆட்டில் 1000 புழுக்கள் இருப்பது அபூர்வமல்ல. 1000 புழு என்றால் தினமும் 50 மில்லிலிட்டர். 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றே முக்கால் லிட்டர் அளவுக்குத்தான் இரத்தம் உண்டு. கழிச்சல் இருக்காது, இருமல் இருக்காது. கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும், கீழ்த்தாடையில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும், ஒரு நாள் காலையில் பட்டியில் விழுந்து கிடக்கும்.

இனப்பெருக்கம் இதைவிடப் பயங்கரம். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5000 முதல் 10,000 முட்டை வரை இடும். 1000 புழுவில் பாதி பெண் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆடு தன் புழுக்கையோடு தினமும் குறைந்தது 25 லட்சம் முட்டைகளை மேய்ச்சல் நிலத்தில் விதைக்கிறது. வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரே வாரத்தில் அவை பொரித்து, தொற்றக்கூடிய நுண்புழுக்களாகி, பனித்துளியில் நீந்திப் புல்லின் மேல் ஏறுகின்றன. பெரும்பாலானவை தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் ஏறுவதில்லை. இந்த 5 சென்டிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மறி புல் மேய்வது. வெள்ளாடு தழை கடிப்பது. தலையை நிமிர்த்தி, சில சமயம் முன்கால்களைக் கிளையில் ஊன்றி, இலையும் கொழுந்துமாகப் பறித்துத் தின்று வளர்ந்த இனம் வெள்ளாடு. தரையோரப் புழுக்களோடு அதற்குப் பழக்கம் குறைவு. எனவே எதிர்ப்புச் சக்தியும் செம்மறியைவிடக் குறைவு. இந்தப் பிராணியைப் பிடித்து, வேலி போட்ட புல்வெளியில், ஜார்ஜியாவின் புழுக்கம் மிகுந்த கோடையில், மொட்டையாகக் கடித்த புல்லை மறுபடி மறுபடி மேய விட்டால் என்ன ஆகும்? 1993 க்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய போயர் ஆடுகள் தென்னாப்பிரிக்காவின் காய்ந்த புதர்க்காட்டில் உருவானவை. கறி நன்றாக வைக்கும். ஆனால் ஈரமான தென்மாநிலங்களில் புழுவுக்கு முதலில் விழுவதும் அவையே.

மருந்து இல்லையா என்றால், இருந்தது. 1961 இல் தயாபெண்டசோல் வந்தது. சில ஆண்டுகளில் லெவாமிசோல். 1981 இல் ஐவர்மெக்டின். அதன் மூலப்பொருளைக் கண்டறிந்த வில்லியம் கேம்ப்பெலும் சதோஷி ஓமுராவும் 2015 இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூன்று குடும்பம், மூன்று விதமான வேலை. ஆனால் தயாபெண்டசோலுக்குச் சாகாத ஹீமான்கஸ் 1964 இலேயே தென்பட்டுவிட்டது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மருந்துக்கும் இதே கதிதான். 2009 இல் நியூசிலாந்தில் மோனிபான்டெல் என்ற புதிய குடும்பம் சந்தைக்கு வந்தது. 2013 இல் அதே நாட்டில் ஓர் ஆட்டுப் பண்ணையில் அதற்கும் அசையாத குடற்புழுக்கள் பதிவாயின. இன்று தென்மாநிலங்களில் மூன்று பழைய குடும்பங்களுக்கும் அடங்காத புழுக்கள் உள்ள பண்ணைகள் நிறைய உண்டு.

இதில் வெள்ளாடுகளின் பங்கு பெரிது. மருந்துப் புட்டியில் அச்சடித்திருக்கும் அளவு பெரும்பாலும் செம்மறிக்கானது. வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்துகளை வேகமாகச் சிதைத்துவிடும் என்பதால், செம்மறியின் அளவில் ஒன்றரை, இரண்டு மடங்கு கொடுத்தால்தான் அதே விளைவு கிடைக்கும். இது தெரியாமல் பல ஆண்டுகள் குறைவான அளவு கொடுத்து, பலவீனமான புழுக்களை மட்டும் கொன்று, வலுவான புழுக்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இன்னொன்று, மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றியது. மந்தையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளிடம்தான் ஐந்தில் நான்கு பங்குப் புழு இருக்கும். (மென்பொருளில் பிழைகளும் இப்படித்தான் ஒரு சில கோப்புகளில் கூடிக்கிடக்கும்; எங்கள் தொழிலில் இதற்கு ஓர் இத்தாலியப் பொருளாதார நிபுணரின் பெயரைச் சொல்வோம்.) நோயில்லாத ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால், மருந்தைப் பார்த்திராத சாதுப் புழுக்கள் அற்றுப்போய், சாகாத புழுக்களின் வாரிசுகள் மட்டும் மேய்ச்சல் நிலத்தை ஆளும்.

தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். ஆட்டின் கீழ் இமையைப் புரட்டிப் பார். உள்ளே சிவப்பா, இளஞ்சிவப்பா, வெள்ளையா என்று ஐந்து நிறம் அச்சடித்த அட்டையோடு ஒப்பிடு. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடு. அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ஃபமாச்சா என்று அந்த அட்டைக்குப் பெயரிட்டார்கள். நம் ஊரில் பாட்டிமார் பிள்ளைகளின் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்து "இரத்தமே இல்லையே" என்று சொல்வார்களே, அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே அட்டை இருக்கிறது.

இனி இலைக்கு வருவோம். ஜார்ஜியாவில் ஃபோர்ட் வேலி என்ற சிற்றூரில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம் உண்டு. கறுப்பின மக்களின் கல்விக்கென்று தொடங்கியது. சிறு விவசாயிகளோடு நெருங்கிய தொடர்புள்ளது. அங்கே தாமஸ் டெரில் என்பவரும் அவர் குழுவினரும் 2000 த்தின் தொடக்கத்திலிருந்து ஒரு களையைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அதன் பெயர் செரிசியா லெஸ்பெடீசா. கிழக்காசியாவிலிருந்து வந்த அவரை இனச் செடி. மண்ணரிப்பைத் தடுக்கவும், சுரங்கம் தோண்டிப் பாழான நிலத்தை மூடவும் அமெரிக்காவில் விதைத்தார்கள். வறண்ட, புளித்த, சத்தில்லாத மண்ணிலும் வரும் என்பதால் 'ஏழையின் குதிரை மசால்' என்று செல்லப் பெயர். கன்சாஸ் மாநிலத்தில் அது அழிக்கப்பட வேண்டிய களை என்று சட்டமே இருக்கிறது. மாடு அதை அவ்வளவாக விரும்பாது, முற்றினால் துவர்க்கும். (லெஸ்பெடீசா என்பதே ஓர் அச்சுப்பிழை. புளோரிடாவின் ஸ்பானிய ஆளுநர் செஸ்பெடெஸ் என்பவர் நினைவாக வைத்த பெயரில் முதலெழுத்து மாறி அச்சாகி, அப்படியே நிலைத்துவிட்டது. தட்டச்சுப் பிழைகளால் இரவுத் தூக்கம் இழந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.)

அந்தத் துவர்ப்புதான் விஷயம். நாவற்பழம் தின்றால் நாக்கு இழுக்கிறதே, கடுக்காய், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு எல்லாவற்றிலும் இருப்பது. வேதியியலில் டானின் என்பார்கள். இது புரதத்தைக் கண்டால் கட்டிக்கொள்ளும். நாக்கில் உணரும் இழுப்பு நம் எச்சிலின் புரதம் கட்டப்படுவதால் வருவது. தோல் பதனிடுவதும் இதே வேலைதான். ஆட்டின் வயிற்றில் இதற்கு இரண்டு பயன் உண்டு. தீவனத்தின் புரதம் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களிடம் சிக்கி அம்மோனியாவாக வீணாவது குறைகிறது. டானின் அதைக் கட்டி வைத்துக்கொள்கிறது. நான்காவது இரைப்பையின் அமிலத்தில் கட்டு அவிழ்ந்து, புரதம் குடலில் போய்ச் சேர்கிறது. இரத்தம் இழந்துகொண்டிருக்கும் ஆட்டுக்கு இந்தக் கூடுதல் புரதம் பெரிய பலம். மூலிகைத் தீவனத்தால் 'வளர்ச்சி கூடுகிறது' என்று சொல்வதில் எனக்கு நம்பத் தகுந்ததாகப் படும் விளக்கம் இதுவே. இரண்டாவது பயன், புழுவின் மேலேயே. புல்லோடு உள்ளே போகும் நுண்புழு ஒரு மேலுறையைப் போர்த்திக்கொண்டிருக்கும். அதைக் கழற்றினால்தான் வயிற்றில் குடியேற முடியும். டானின் இந்தக் கழற்றலைத் தாமதப்படுத்துகிறது என்று பிரான்சின் துலூஸ் நகரில் எர்வே ஓஸ்ட் குழுவினர் காட்டினார்கள். டானினைப் பிடித்துக்கொள்ளும் வேறொரு பொருளைச் சேர்த்ததும் இந்த விளைவு பெரும்பாலும் மறைந்தது. எனவே காரணம் டானின்தான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. இந்த மாதிரிச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றைச் சேர்த்தால் வருகிறது என்று காட்டுவது பாதி வேலை. எடுத்தால் போகிறது என்றும் காட்ட வேண்டும்.

ஃபோர்ட் வேலி குழுவினர் ஒரு பகுதி ஆடுகளுக்குச் செரிசியா உலர்புல்லும், இன்னொரு பகுதிக்கு சாதாரண பெர்முடா உலர்புல்லும் கொடுத்தார்கள். செரிசியா தின்ற ஆடுகளின் புழுக்கையில் முட்டை எண்ணிக்கை குறைந்தது. பிறகு அவற்றையும் பெர்முடாவுக்கு மாற்றியபோது முட்டை மறுபடி ஏறியது. புழுக்களில் ஒரு பங்கு சாகாமல், முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தது என்றுதான் இதற்குப் பொருள். நீண்ட நாள் கொடுத்த சோதனைகளில் புழுக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. அழுத்தி உருண்டையாக்கிய பெல்லட்டாகக் கொடுத்தாலும் பலன் இருந்தது. குட்டிகளை வாட்டும் காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கும் ஓரளவு நல்லது என்று தெரிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது அளவு. இது மருந்தைப் போல ஒரு மூடி, இரண்டு மூடி விஷயமல்ல. தீவனத்தின் பெரும்பகுதியாக, தினமும், வாரக்கணக்கில் கொடுக்கிற இலை. டானின் மொத்த உலர் தீவனத்தில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்காவது இருந்தால்தான் புழுவுக்குத் தெரியும். மிக அதிகமானால் ஆடு தின்பதையே குறைத்துவிடும், தின்றதும் செரிக்காது. அடர்தீவனத்தில் ஒரு தேக்கரண்டி பொடி தூவினால் இது நடக்கும் என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஆசிரியர் கொடுத்த பொட்டலத்தில் பூண்டுப் பொடி முதலிடத்தில் இருந்தது. அர்க்கன்சாஸ் மாநிலத்தில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் பூண்டையும் பப்பாளி விதையையும் ஆடுகளிலும் ஆட்டுக்குட்டிகளிலும் சோதித்து, புழுக்கட்டுப்பாட்டுக்குப் பயனில்லை என்று 2009 இல் வெளியிட்டிருக்கிறார்கள். வேப்பிலையைப் பற்றிய சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஓரிடத்தில் குறைந்தது என்பார்கள், இன்னோரிடத்தில் அசையவே இல்லை என்பார்கள்.

இதைச் சொன்னபோது தாராபுரம் பக்கத்தில் ஆடு வைத்திருக்கும் என் மாமா தொலைபேசியில் சிரித்தார். "வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைச்சு ஊத்துனாப் போதும் கண்ணு. அதுக்கெதுக்கு மைக்ராஸ்கோப்பு? எங்க ஆடெல்லாம் நல்லாத்தான இருக்குது!" என்றார். "நல்லா இருக்குதுங்க மாமா, ஆனா அது கொழுந்தாலதானுங்களா?" என்றேன். "பின்ன?" என்றார்.

அவர் ஆடுகள் நன்றாக இருப்பது உண்மை. அதற்கு வேறு காரணம் உண்டு என்று நினைக்கிறேன், பின்னால் வருகிறேன். இப்போது எண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டின் புழுக்கை 2 கிராம் எடுத்து, 28 மில்லிலிட்டர் நிறைவுற்ற உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டினால் மொத்தம் 30 மில்லிலிட்டர். முட்டைகள் மிதக்கும். கோடு போட்ட கண்ணாடித் தகட்டில் தலா 0.15 மில்லிலிட்டர் கொள்ளும் இரண்டு கட்டங்களை நிரப்பி நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். 30 இல் 0.3 என்பது நூற்றில் ஒரு பங்கு. 2 கிராமால் வகுத்தால், நீங்கள் எண்ணியதை 50 ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வந்துவிடும். 40 எண்ணினால் 2000. சிட்னியில் உள்ள மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் 1930களில் உருவான முறை, இன்றும் இதுதான். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆசிரியரின் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானும் எண்ணினேன். இரண்டாவது மணி நேரத்தில் காற்றுக் குமிழிக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். அவர் மனைவிக்குத்தான் அந்த மேசையில் மறுபடி சாப்பாடு வைக்க மனம் வரவில்லை.

மருந்து கொடுத்த அன்றும், பத்துப் பதினான்கு நாள் கழித்தும் எண்ணி, 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். மூலிகைக்கும் இதே தராசுதான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ஒன்று: ஒன்றும் கொடுக்காத சில ஆடுகளையும் கூடவே எண்ண வேண்டும். ஏனென்றால் முட்டை எண்ணிக்கை தானாகவும் குறையும். குட்டி போடும் சமயத்தில் தாய் ஆட்டில் அது எகிறி, சில வாரத்தில் இறங்கும். மழை நின்றால் இறங்கும். ஆடு மிகவும் மோசமாக இருக்கும்போதுதான் நாம் எதையாவது அரைத்து ஊற்றுகிறோம். அந்தச் சமயத்துக்குப் பின் பிழைத்த ஆடு தேறத்தானே செய்யும்? செத்த ஆடு சாட்சி சொல்ல வராது. செரிசியா போன்ற இலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முட்டை குறையும், புழு அங்கேயே உட்கார்ந்து இரத்தம் குடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் முட்டையை எண்ணிவிட்டு இமையையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்று பொட்டலத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. 1916 இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு அங்கே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள். மருந்துகள் இரண்டும் தாவரத்திலிருந்து வந்தவை. ஒன்று தைமால், முதல் உலகப் போருக்கு முன் அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான நம் ஓமத்திலிருந்து ஜெர்மனியில் பிரித்தெடுக்கப்பட்டது. மற்றது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் விளைந்த ஒரு களைச்செடியின் விதை எண்ணெய், கீனபோடியம். புழு விழுந்தது உண்மை. ஆனால் கீனபோடியம் அளவு சற்று மிஞ்சினாலும் காது மந்தமாவதும், சில வேளை உயிரே போவதும் உண்டு; அப்படிப்பட்ட சாவுகள் உலகின் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. பிற்பாடு கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதே செடியையும் எண்ணெயையும் ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டுக்குத் தாங்கும் அளவில் ஹீமான்கஸ் அசையவில்லை.

நாம் தொடங்கிய ஆடுதின்னாப்பாளைக்கும் ஒரு பின்கதை உண்டு. அந்தச் செடிக் குடும்பத்தில் அரிஸ்டலோகிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. தேடிப்போனால் இந்தக் குடும்பத்துச் செடி ஒன்று மருந்தில் கலந்திருந்தது. இன்று இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. ஆடு மோந்து பார்த்து நகர்ந்ததற்கு அர்த்தம் இருந்திருக்கிறது. மருந்தாகப் புலவர்க்குப் புலவர் பாடி வைத்த செடியாயிற்றே என்று அதை அரைத்து ஆட்டுக்கோ ஆளுக்கோ கொடுக்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் கைவிடவும்.

இலையை மட்டும் பார்ப்பதும் போதாது என்பதற்குச் சூபாபுல் நல்ல உதாரணம். நம் பக்கம் சவுண்டல் என்பார்கள். புரதம் நிறைந்த தழை. ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற பொருளால் ஆஸ்திரேலியாவில் கால்நடைகளுக்கு முடி கொட்டியது, கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாய்த் தீவின் வெள்ளாடுகளோ அதையே வயிறு முட்டத் தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஹவாய் ஆட்டின் இரைப்பைத் திரவத்தைக் கொண்டுபோய் 1980களில் தன் நாட்டுக் கால்நடைகளுக்கு ஏற்றினார். நஞ்சு நஞ்சாக இல்லாமல் போயிற்று. அந்தத் திரவத்தில் இருந்த பாக்டீரியாவுக்கு 1992 இல் அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சீ என்று வைத்தார்கள். ஓரிடத்தில் தீவனம், இன்னோரிடத்தில் விஷம். இலை ஒன்றுதான், வயிறு வேறு.

மாமாவின் ஆடுகளுக்கு வருகிறேன். தாராபுரம், காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் கொரங்காடு என்று ஒரு மேய்ச்சல் முறை உண்டு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மழை குறைவு, வெயில் அதிகம்; புல்லின் அடியில் நுண்புழு நீந்தப் பனித்துளி தங்கும் நாள்களே குறைவு. வெள்ளாடு காலையில் வேலியோரம் கிளுவை கடிக்கும், மதியம் வேலங்கொழுந்து, சாயங்காலம் வழியில் கிடைத்த எதையாவது. அந்த 5 சென்டிமீட்டருக்குள் அது வாயை வைக்கும் நேரம் சொற்பம். துவர்ப்புத் தழை அதன் அன்றாடச் சாப்பாடு. ஆண்டுக்கு நான்கு முறை வேப்பங்கொழுந்து ஊற்றுவதற்கு முன்பே வேலை பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. அதே கொழுந்தை ஜார்ஜியாவின் ஈரப் புல்வெளிக்குக் கொண்டுவந்து ஊற்றினால் அது தனியாக என்ன செய்யும்? உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் கொய்யா, அத்தி இனத்து இலைகளைக் காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலந்து, ஹீமான்கஸ் தொற்றிய ஆடுகளில் டானினின் விளைவை ஆராய்ந்திருக்கிறார்கள். நம்மூர் இலைகளை நம்மூர் ஆட்டில் எண்ணிப் பார்த்த இத்தகைய வேலைகளையே நான் அதிகம் நம்புகிறேன். ஊருக்கு ஊர் மூலிகைப் பட்டியல் நீண்டுகொண்டே போவதைவிட, ஒரே ஒரு இலையை ஒழுங்காக எண்ணினால் எத்தனையோ குட்டிகள் பிழைக்கும்.

ஆசிரியர் இப்போது ஒரு வயலில் செரிசியா விதைத்திருக்கிறார். அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களுக்கு அவர் மேல் கோபம். களையை யாராவது காசு கொடுத்து விதைப்பார்களா? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டின் இமையையும் புரட்டுகிறார். வெளுத்ததற்கு மட்டும் மருந்து, அதுவும் இரண்டு குடும்ப மருந்துகளைச் சேர்த்து, வெள்ளாட்டுக்குரிய அளவில், கால்நடை மருத்துவர் சொன்னபடி. திரும்பத் திரும்ப வெளுக்கும் ஆட்டை விற்றுவிடுகிறார். (எங்களுக்குத் தீபாவளிக்கு வருவது அதுதானோ என்று மனைவிக்கு ஒரு சந்தேகம்.) புல் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஆடுகளை அடுத்த வயலுக்கு மாற்றுகிறார். குட்டிகள் இன்னும் சாகின்றன; முன்பு போல் கும்பலாக அல்ல.

மாமாவிடம் நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். வெள்வேலங்காய் கோடையில் உதிர்கிறது. ஆடுகள் அப்போதே பொறுக்கித் தின்றுவிடுகின்றன. அது புழு குறைவான காலம். புழு புல்லேறுவது ஐப்பசி மழையில். காயில் கொஞ்சத்தைக் கூட்டிச் சாக்கில் கட்டி வைத்து, ஐப்பசியில் பாதி ஆடுகளுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கத்துப் புழுக்கையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள் என்றேன். "பாதி ஆட்டுக்குப் போட்டுப் பாதிக்குப் போடாம உட்டா, போடாத ஆடு என்னையப் பாக்குமல்ல கண்ணு?" என்கிறார். இரண்டு சாக்குக் காய் மட்டும் கட்டி வைத்திருக்கிறாராம்.